பெயரை மாற்றவும் மாற்றாமலிருக்கவும் ஒரே ஓட்டோ

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஊர் ஊராகப் போய் அறிவித்தல் சொல்லும் தொழிலுக்குத் தொண்டை வேண்டும், பொறுமை வேண்டும், அபிப்பிராயம் மட்டும் இருக்கவே கூடாது.

பிறர் சொல்லச் சொன்னதைத் தன் வாயால் சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த விசயம்தான். வங்கி வரவேற்பில் இருக்கும் பிள்ளைகள், பாடத்திட்டத்தை நம்பாமலே படிப்பிக்கும் ஆசிரியர்கள், மந்திரிக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவர்கள் எல்லோரும் என் சகபாடிகள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மன்னார்த் தீவில் தண்ணீர் நிற்பது, திருநாளுக்குக் கொடியேறுவது, நாய்களுக்கு ஊசி போடுவது, ஆட்கள் காலமாவது எல்லாவற்றையும் ஊர் என் குரலில்தான் கேட்கிறது. ஓட்டோவும் ஒலிபெருக்கியும் தாராபுரத்து நஸீருடையவை. அவர் ஓட்டுவார், நான் சொல்லுவேன்.

எங்களுக்கு வந்த வேலைகளிலேயே பெரியது பல்கலைக்கழகப் பெயர் விவகாரம். பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறது எங்கள் கரையோரப் பல்கலைக்கழகம். அதன் பெயரை ‘முத்துக்கரைப் பல்கலைக்கழகம்’ என்று மாற்ற வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. மாற்றவே கூடாது என்று இன்னொரு குழு கிளம்பியது. பொதுமக்களின் கருத்தை அறிந்து முடிவெடுப்போம் என்று பல்கலைக்கழகப் பேரவை சொல்லிவிட்டது. பொதுமக்களின் கருத்தை உண்டாக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

காலமை ஒன்று, பின்னேரம் ஒன்று

மாற்றச் சொல்லும் குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர். மாற்ற வேண்டாம் என்கிற குழுவுக்குத் தலைவர் தேவா. தேவா அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் அணியில் படித்தவர், இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். இருவரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தீவில் வேறு அறிவித்தல்காரர் இல்லை. ‘ஒரு பக்கத்தை மட்டும் எடுப்போமா’ என்று நான் நஸீரைக் கேட்டேன். ‘பஸ் ஓட்டுறவன் போற இடத்தை விரும்பியோ போறான்?’ என்று அவர் கேட்டார். ஆகவே காலமை எட்டு மணி தொடக்கம் மதியம் வரை மாற்ற வேண்டும் என்றும், சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டுப் பின்னேரம் மாற்றக்கூடாது என்றும் சொல்லி வந்தோம்.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் போனது. இரண்டாம் நாள் பேசாலையில் மீன் வாடிக்கு முன்னால், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் கையைக் காட்டி ஓட்டோவை மறித்தார். ஓட்டோவுக்குள் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார். இரண்டு குரலும் ஒருவருடையதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பிறகு சொன்னார்:

“தம்பி, காலமை சொன்னதைப் பின்னேரம் பிழையெண்டுறீர். பின்னேரம் சொன்னதை நாளைக்குக் காலமை பிழையெண்டுவீர். நீர் எலெக்சன் கேக்கப்போறீரோ?”

வீட்டில் ஒருத்தி

என் மகள் ஜெனிற்றா அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கடலுயிரியல் படித்தாள். சோதனை முடிந்து, பெறுபேறும் வந்து, நல்ல சித்தியும் அடைந்துவிட்டாள். தலைமன்னார்ப் பக்கம் கடலட்டை வளர்க்கும் ஒரு கம்பனியில் ஆய்வுகூட வேலைக்குத் தெரிவும் ஆகிவிட்டாள். பட்டச் சான்றிதழைக் கொண்டு வந்தால் வேலை. மாத முடிவுக்குள் கொண்டு வராவிட்டால் வேறு ஆள். ஆனால் பட்டமளிப்பு விழாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். சான்றிதழில் எந்தப் பெயரை அச்சடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் முடிவானால்தான் விழா. இரண்டு குழுவும் ஓய்ந்தால்தான் பெயர் முடிவாகும். இரண்டு குழுவையும் ஓய விடாமல் ஊரைச் சூடாக வைத்திருந்தது நான்.

இதை நான் யோசிக்காமல் இல்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு பெரிய பொழுதுபோக்கும் இல்லை. என் உழைப்பில் அவள் படித்தாள், என் உழைப்பே அவளுடைய பட்டத்தை மறித்து நிற்கிறது என்று முகம் கழுவும்போதும் யோசித்தேன், மைக்கைப் பிடிக்கும்போதும் யோசித்தேன். ஒருநாள் மத்தியானம் தொண்டைக்கு இஞ்சித் தண்ணி கேட்டேன். ஜெனிற்றா கொண்டு வந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்:

“அப்பா, உங்கட தொண்டை அடைச்சா எனக்கு வேலை கிடைக்கும். நான் இஞ்சி போட்டுத் தாறன்.”

எந்தக் கரை?

அதிபரின் நியாயத்தில் நியாயம் இருந்தது. அவருடைய பெறாமகன், தம்பியின் மகன், வெளிநாட்டில் ஒரு நேர்முகத்துக்குப் போனபோது, ‘கரையோரப் பல்கலைக்கழகம் என்றால் எந்த நாட்டில், எந்தக் கரை?’ என்று கேட்டார்களாம். பெயரில் ஊரும் இல்லை, அடையாளமும் இல்லை, தீவாகிய இந்த நாட்டில் எல்லாப் பக்கமும் கரைதானே என்பார் அதிபர். அதற்காகப் பெயர் தெரிவுக் கூட்டம் ஒன்று வைத்தார். மைக்கும் கதிரைகளும் எங்களுடையவை.

முத்துக்கரை என்ற பெயரை அங்கீகரிக்கத்தான் கூட்டம். ஆனால் மைக் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் பெயரைச் சொன்னார்கள். தோட்டவெளிக்காரர் ஒருவர், பல்கலைக்கழகத்துக்கு மணல் ஏற்றிய லொறி தங்கள் ஊரால் போனது என்றார். முசலிப் பக்கத்திலிருந்து வந்தவர், தங்களுக்குப் பெயர் வேண்டாம், பஸ் வேண்டும் என்றார். எல்லா ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒரே பெயராக வைக்கலாம் என்று ஒருவர் சமரசம் செய்தார். அப்படி வைத்தால் வாசல் வளைவைத் திருக்கேதீஸ்வரச் சந்திவரை நீட்ட வேண்டும் என்று மேசன் ஒருவர் எழும்பிச் சொன்னார். கடைசியாக, தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த ஒரு பெண் மைக்கை வாங்கினார். அவருக்கு ஊர்ப் பெயர் சொல்லும் எண்ணம் இல்லை.

“நாங்கள் இருந்த முகாமுக்கு ஒருக்கா பேர் மாத்தினவை. போர்டெல்லாம் புதுசு, கலெக்டர் வந்தவர், எங்களுக்கு லட்டும் தந்தவை. தண்ணி லொறி மட்டும் பழைய நேரத்துக்குத்தான் வந்தது.”

இரண்டு கூட்டத்துக்கும் வந்தவர்கள்

தேவாவின் குழு பதிலுக்கு ஒரு பெருங்கூட்டம் வைத்தது. நகர மைதானத்தில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. அன்று கால்பந்து இறுதிப்போட்டி. வெயிலுக்குப் பந்தலின் நிழலைத் தேடி ஒரு கூட்டம் கழுதைகள் மட்டும் வந்து நின்றன. எங்கள் ஊரில் கழுதைகளை யாரும் துரத்துவதில்லை, அவையும் யாருக்கும் வழி விடுவதில்லை. தேவா அவற்றுக்கு முன்னால் முழுப் பேச்சையும் பேசி முடித்தார். அவரும் பாவம், எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்.

வயர் சுற்றும்போது நஸீர் அவற்றில் ஒன்றை உற்றுப் பார்த்தார். காது கிழிந்த கழுதை.

“அண்ணே, இது போன கிழமை மாத்தோணும் எண்ட கூட்டத்துக்கும் வந்ததெல்லோ. ரெண்டு பக்கத்தையும் கேட்டு முடிவெடுக்கிற ஒரே ஆள்.”

தேவாவின் சட்டம் போட்ட படம்

கூட்டம் தோற்ற அடுத்த நாள் தேவாவின் கடைக்குப் போனேன். சீமெந்து மூட்டைகளுக்கு மேலே, பெயின்ற் வாளிகளுக்கு நடுவில், அவருடைய பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆணி வாங்க வருகிறவர்களும் அதைப் பார்க்கலாம். பெயர் மாறினால் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். அறிவித்தல்காரன் கேட்கக்கூடாத கேள்வி, ஆனால் கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு வாடிக்கையாளருக்குக் குழாய் அளந்து வெட்டிக் கொடுத்தார். சண்டைக்காலத்தில் பதுங்குகுழியில் இருந்து படித்து, வளைவுகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகைக்குள் பட்டம் வாங்கிய மனிதர் அவர். அதன்பிறகு ஒருநாளும் அந்தப் பட்டத்துக்குரிய வேலை கிடைக்கவில்லை. சட்டத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“அல்பிரட் அண்ணே, நான் படிச்ச இடமே உலகத்தில இல்லையெண்டா, நான் எங்க படிச்சனான்?”

அபிப்பிராயம் என்ற வருத்தம்

அன்றிலிருந்து எனக்கு ஒரு வருத்தம் பிடித்தது, மருந்தில்லாத நோய். காலையில் அதிபர் எழுதித் தந்ததைச் சொல்லும்போது எனக்குத் தேவாவின் கண்ணாடி ஞாபகம் வந்தது. பின்னேரம் தேவா எழுதித் தந்ததைச் சொல்லும்போது ‘எந்தக் கரை?’ என்று கேட்டது ஞாபகம் வந்தது. எனக்கென்று ஒரு கருத்து உள்ளே எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இத்தனை வருடம் மற்றவர்களின் சொற்களை வெளியே விட்டதில், என்னுடையது ஏதாவது இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்க வேண்டும். மரண அறிவித்தலில் ‘ஆழ்ந்த துயருடன்’ என்று நான் சொல்லாத நாள் குறைவு. அதில் எத்தனை தரம் எனக்குத் துயர் இருந்தது?

பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும்போது இதையெல்லாம் நஸீரிடம் சொன்னேன். காற்றில் அரைவாசிதான் அவருக்குக் கேட்டிருக்கும். இருந்தும் கவனமாகக் கேட்டார். கடைசி மிடறைக் குடித்துவிட்டு, பெற்றரியின் வயரைச் சரிபார்த்தபடி சொன்னார்:

“கருத்து வந்தா வரட்டும் அண்ணே, அது மனிசருக்கு வாறதுதான். ஆனா வரேக்க மைக்கை நிப்பாட்டிப் போட்டுச் சொல்லுங்க.”

பழகிய வாய்

பேரவை பெயர் மாற்றத்துக்குச் சாதகமாக இருக்கிறது என்று ஒரு கதை பரவியது. அதிபருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குப் பல்கலைக்கழக வாசலில் பழைய பெயருக்கு ஒரு பிரியாவிடை வைப்போம் என்று தொலைபேசியில் சொன்னார். எழுத்தில் தர நேரமில்லையாம். ‘நீரே நாலு வார்த்தை மரியாதையாய்ப் போட்டுச் சொல்லும்’ என்றார். அன்று காலையிலிருந்து நாங்கள் இரண்டு உண்மையான மரண அறிவித்தல்கள் சொல்லியிருந்தோம். வாய் சூடாகத்தான் இருந்தது. மரியாதையாய் என்றதும் அது தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையை எடுத்துக்கொண்டது.

நான் பதிந்தது இதுதான்: ‘மன்னார்க் கரையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கரையோரப் பல்கலைக்கழகம் எம்மை விட்டுப் பிரிகிறது. அன்னார் பல்லாயிரம் பட்டதாரிகளின் பாசமிகு தாயும், விரிவுரையாளர்களின் அன்புப் புரவலரும் ஆவார். அன்னாரின் இறுதி நிகழ்வுகள் சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குப் பல்கலைக்கழக வாயிலில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.’ ‘அன்னார்’ என்ற சொல் காதில் விழுந்தால் நஸீரின் கை தானாகவே சோக இசையை ஏற்றும். ஏற்றியது. ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு நாங்கள் இருவருமே அதைக் கேட்பதில்லை. மீன் விலையையும் கால்பந்தையும் கதைத்துக்கொண்டு தலைமன்னார்வரை போய், திரும்பிப் பாலத்தையும் தாண்டி வந்தோம். வழியில் ஆட்கள் தொப்பியைக் கழற்றியதையும், சைக்கிளை விட்டு இறங்கி நின்றதையும் கண்டோம். நல்ல மரியாதையான சனம் என்று எனக்குள் நினைத்தேன்.

எங்கள் கோயிலில் மணி அடிக்கும் மரியதாஸின் அழைப்பு வந்தபோதுதான் விளங்கியது. யாராவது காலமானால் துக்க மணி அடிப்பது அவர் வேலை. ஆண் என்றால் ஒரு கணக்கு, பெண் என்றால் ஒரு கணக்கு. அவர் குழம்பிப்போய் இருந்தார்.

“அல்பிரட், தாயெண்டும் சொல்லுறீர், புரவலரெண்டும் சொல்லுறீர். ஆம்பிளையோ பொம்பிளையோ? நான் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

பிரேதம் எந்தப் பக்கம்?

மரியதாஸை மட்டும் மணி அடிக்காமல் தடுத்துவிட்டு, மற்றதை ஊர் தானாக விளங்கிக்கொள்ளும் என்று நம்பி, சனிக்கிழமை வாசலுக்குப் போனேன். இரண்டு குழுவும் எத்தனையோ கூட்டம் வைத்துச் சேர்க்க முடியாத சனம் அங்கே நின்றது. எங்கள் ஊரில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நினைத்தால்தான் வருவார்கள், செத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார்கள். மதிலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. தாராபுரத்திலிருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இரண்டு பேர் அனுதாபம் சொல்ல வந்திருந்தார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் காவலாளியின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். தேவாவின் பழைய மாணவர்கள் மலர்வளையமும், வளைவின் படம் போட்ட ‘கண்ணீர் அஞ்சலி’ பதாகையும் கொண்டுவந்திருந்தார்கள். அச்சகத்தில் வழக்கமான மாதிரியிலேயே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ‘உதிர்வு’ என்று இறந்த திகதி போடும் இடத்தில் ‘பேரவை தீர்மானிக்கும்’ என்று இருந்தது.

தேவா உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். அதிபர் தன்னுடைய பிரியாவிடைக்கு இவ்வளவு ஆதரவா என்று பூரித்து நின்றார். நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றேன். பேசாலையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, மாவட்டத்தில் எந்தச் செத்த வீட்டையும் தவற விடாதவர், என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“மோனே, பிரேதத்தை எந்தப் பக்கத்தால கொண்டு வருவினம்? எனக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கோணும்.”

உபவேந்தரின் அனுதாபம்

வாசலில் மரணச் சடங்கு நடக்கிறது என்று மட்டும் யாரோ உபவேந்தருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். சனத்தைப் பார்த்துவிட்டு என் மைக்கை வாங்கி, ‘அன்னாரின் இழப்பு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஈடுசெய்ய முடியாதது’ என்று ஆரம்பித்தார். அன்னாரின் எளிமையைப் பற்றியும், தான் அவருடன் பழகிய நாட்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போகையில், பதிவாளர் அவருடைய காதில் குனிந்து காலமானவர் யார் என்று சொன்னார். உபவேந்தர் மைக்கை இறக்கிப் பதிவாளரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த இடைவெளியில் ஒரு கை வந்து மைக்கை எடுத்தது. ஜெனிற்றாவின் கை. அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் அவளுடைய அணிப் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். ‘சேர், நாங்கள் படிச்சு முடிச்சிட்டம். வேலை பாத்துக்கொண்டு நிக்குது. பேரை நீங்கள் எப்ப வேணுமெண்டாலும் மாத்துங்கோ, மாத்தாமல் விடுங்கோ. எங்கட சேட்டிபிக்கற் எப்ப வரும், எந்தப் பேரில வரும்?’ என்று கேட்டாள். இத்தனை வருடம் நான் அந்த மைக்கில் கேட்ட ஒரு கேள்விக்கும் யாரும் பதில் சொன்னதில்லை. இப்போது முழுச் சனமும் உபவேந்தரைத் திரும்பிப் பார்த்தது. பேசாலை அம்மாவும் பார்த்தார். உபவேந்தர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்:

“இந்த மாசத்துக்குள்ள வரும் பிள்ளை. இண்டைக்கு என்ன பேர் இருக்கோ அந்தப் பேரில வரும். தயவுசெய்து அந்த மலர்வளையத்தைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ.”

வெள்ளைத் துணி

பட்டமளிப்பு நடந்தது. ஆனால் வளைவில் இருந்த பெயர் படத்தில் விழுந்தால் ஒரு குழு கோபிக்கும், பெயரை எடுத்தால் மற்றக் குழு கோபிக்கும் என்று பயந்து, நிர்வாகம் வளைவை முழுதாக வெள்ளைத் துணியால் மூடிவிட்டது. பிள்ளைகள் மேலங்கியும் தொப்பியுமாக அந்தத் துணிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஜெனிற்றா நடுவில், நான் ஒரு பக்கம், என் மனைவி மறுபக்கம். மூன்று பேரும் சிரிக்கிறோம். வந்த படத்தை என் மனைவி தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“வெள்ளை கட்டி, மூண்டு பேரும் நிரையா நிண்டு... பெட்டியை மட்டுந்தான் காணேல்ல.”

மனேஜருக்கு வந்த சங்கடம்

சான்றிதழைக் கொண்டு ஜெனிற்றா கம்பனிக்குப் போனாள். முகம் வாடித் திரும்பி வந்தாள். அடுத்த நாள் நானும் போனேன். மனேஜர் நல்ல மனிதர், கதிரை போட்டு இருக்கச் சொன்னார். சான்றிதழை மேசையில் வைத்து, அதில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். என் அறிவித்தலை அவரும் கேட்டிருக்கிறார், பண்ணையில் வேலை செய்கிற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். சான்றிதழோடு வந்த அன்றே அவளுக்குச் ‘செத்த கம்பஸ் மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருக்கப்போகிற பிள்ளையின் சொல்லை இவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்பது அவருடைய கவலை.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வாங்கித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

“கடிதத்தை ஆர் வாசிக்கிறது? ஸ்பீக்கரில செத்தது ஸ்பீக்கரிலதான் உயிர்க்கோணும். அதே றோட்டால, அதே குரலில. மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு.”

எந்தப் பாட்டு?

மரண அறிவித்தலைத் திருப்பி வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதிபரிடம் போனேன். உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் பிறகு பெயரை மாற்ற முடியாமல் போகும் என்று அவர் மறுத்துவிட்டார். தேவாவிடம் போனேன். செத்த பிறகுதான் சனம் பாசமாக இருக்கிறது, கொஞ்ச நாளைக்குச் செத்ததாகவே இருக்கட்டும் என்றார். யாரும் எழுதித் தராத ஓர் அறிவித்தலைச் சொல்ல, நானும் நஸீரும் மட்டும் வெளிக்கிட்டோம். அவர் ஓட்டோவை ஓட்டத் தொடங்கிவிட்டு, பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ‘மௌத்து அறிவிக்கப் பாட்டு இருக்கு. மௌத்து இல்லையெண்டு அறிவிக்க எந்தப் பாட்டு அண்ணே?’ பாட்டு வேண்டாம் என்றேன்.

மைக்கைப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. ‘அன்பார்ந்த’ என்று தொடங்கினால் கூட்டமாகிவிடும், ‘ஆழ்ந்த’ என்று தொடங்கினால் இன்னொரு சாவு விழும். தாராபுரம் முழுவதும் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் போனது. ஆட்கள் யார் செத்தது என்று கேட்க வாசலுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் திகைத்து நின்றார்கள். தோட்டவெளித் திருப்பத்தில்தான் வாய் திறந்தது. அறிவித்தல் தமிழில் அல்ல, வீட்டில் கதைக்கிற தமிழில்: ‘நான் அல்பிரட் கதைக்கிறன். கரையோரப் பல்கலைக்கழகம் சாகேல்ல. அண்டைக்கு நான் சொன்னது பிழை. அங்க என்ர மகள் படிச்சவள். பேர் மாறினாலும் மாறாட்டியும் அவள் படிச்சது படிச்சதுதான். தேவாவும் படிச்சவர்தான். ஆரும் கேட்டா, எந்தக் கரையெண்டு சொல்லுங்கோ, இந்தக் கரை.’ அதைப் பதியவில்லை. தலைமன்னார்வரை ஒவ்வொரு சந்தியிலும் புதிதாகவே சொன்னேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. அதுதான் என் அபிப்பிராயமா, அல்லது ஒரு தகப்பனின் பதற்றமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கடலட்டைக் கம்பனி வாசலில் நிறுத்தி மூன்று தரம் சொன்னேன். நாலாம் தரத்துக்கு வாயெடுக்கும்போது மனேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

“காணும், போதும்! பிள்ளையைத் திங்கட்கிழமை வரச்சொல்லுங்கோ. நீங்கள் மட்டும் இனி இந்தப் பக்கம் வராதேங்கோ.”

பெயர் விவகாரத்தை இப்போது ஓர் உபகுழுவிடம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த கிழமையிலிருந்து காலமை மாற்றச் சொல்லியும் பின்னேரம் மாற்ற வேண்டாமென்றும் அறிவிக்க இரண்டு பக்கமும் எனக்குத்தான் சொல்லியிருக்கின்றன, நான் ‘அன்னார்’ என்ற சொல்லைப் பாவிக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு குழுக்களும் முதல்முறையாக ஒற்றுமையாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கின்றன.